ஒரு ஊதுகுழல், இரண்டு அடுப்பு: அவல நகைச்சுவை என்றால் என்ன?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் பேச்சு நின்றது என்பதற்கு லயத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கோபித்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போக வழியில்லை. குடும்பத்துக்கு ஒரு காம்பராதான். ஆகவே அடுப்படியைப் பிரித்துக்கொண்டார்கள். இடதுபக்கச் சுவரோரம் பாட்டியின் அடுப்பு, வலதுபக்கம் தாத்தாவின் அடுப்பு. அரிசி வேறு, மா வேறு, உப்புப் போத்தல் வேறு. பிரிக்க முடியாமல் நின்றது ஊதுகுழல் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் ஈர மிலாறு (தேயிலைச் செடியின் விறகு) ஊதாமல் பற்றாது. ஊதுகுழல் கைமாறியே ஆகவேண்டும். ஆனால் கைக்குக் கை கொடுத்தால் பேசியதாக ஆகிவிடும். அதனால் அடுத்த காம்பராவிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். "இந்தா, இதைக் கொண்டுபோய் அந்த மனுஷனிடம் கொடு" என்பார் பாட்டி. அந்த மனுஷன் மூன்றடி தூரத்தில் குந்தியிருப்பார். நான் வாங்கி, அப்படியே திரும்பி, நீட்டுவேன். ஊதி முடித்ததும் அவர், "உன் பாட்டியின் சாமான், கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்பார். நான் மறுபடி திரும்புவேன். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று பார்க்கும் சனம் வயிறு வலிக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவர்கள் இருவரும் ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்த அடுப்படியில் நடந்ததுதான் அவல நகைச்சுவை. பார்ப்பவருக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருகிற அதே இடத்தில் ஒரு வலியும் இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடிவதில்லை. ஊதுகுழலை எடுத்துவிட்டால் அது ஒரு முறிந்த தாம்பத்தியத்தின் சோகக்கதை. பேசாமையை எடுத்துவிட்டால் அடுப்பூதும் இரண்டு முதியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் நாங்கள் சிரித்தோம்.

ஆங்கிலத்தில் இதைக் கறுப்பு நகைச்சுவை, இருண்ட நகைச்சுவை என்றெல்லாம் சொல்வார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் 'பிளாக் காமெடி' என்றே எழுதுவதும் உண்டு. எனக்குப் பிடித்தது அவல நகைச்சுவை என்ற சொல். கறுப்பு என்பது நிறத்தை மட்டும் சொல்கிறது. அவலம் என்பதோ நமது இலக்கண மரபில் ஒரு சுவையின் பெயர். அவலமும் நகையும் ஒரே தொடரில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்போது, பொருள் தானாகவே விளங்கிவிடுகிறது.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளித்தெரியும் உணர்வுகளை, சொல்கிறது. முதலாவது நகை, அடுத்தது அழுகை. அவலம் என்று நாம் சொல்வதும் அந்த அழுகையைத்தான். நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு. இந்த இரண்டு வரிசைகளையும் எதிரெதிரே எழுதிவைத்துக்கொண்டு தொங்கல் காம்பராவை நினைத்துப் பாருங்கள். மூன்றடி தூரத்தில் இருப்பவருக்குத் தூது அனுப்புவது பேதைமை. கட்டிய கணவனை 'அந்த மனுஷன்' என்று சொல்லும் நிலைக்கு வந்தது இழவு, அதாவது இழப்பு. வேறிடம் போக முடியாதது வறுமை. ஒரே காட்சிக்குள் இரண்டு வரிசைக் காரணங்களும் வேலை செய்கின்றன. புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு காட்சி அவல நகைச்சுவையா என்று சந்தேகம் வந்தால், அதே காட்சியை வைத்து ஒருவர் அழவும் முடியுமா என்று கேளுங்கள்.

இந்த வகைக்கு மேற்கில் பெயர் நிலைத்தது பிரெஞ்சுக் கவிஞர் ஆந்ரே பிரெத்தோன் 1940 இல் தொகுத்த ஒரு நூலால். அவர் அந்த வரிசையின் முன்னோடியாக வைத்தது அயர்லாந்தைச் சேர்ந்த ஜொனாதன் சுவிப்டை. ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களின் உணவுக்கு விற்றுவிடலாம் என்று, கணக்குவழக்கோடு யோசனை சொல்வதுபோல் சுவிப்ட் 1729 இல் எழுதிய கட்டுரை இன்றும் படிப்பவரை உலுக்கும். பசியில் சாகவிட்டவர்கள் மீது இருந்த கோபம் அது. வரலாறு இவ்வளவு போதும். நமக்குத் தேவையான விளக்கம் ஒரு திரைப்படத்தில் இருக்கிறது.

1989 இல் வெளிவந்த 'தி வோர் ஒப் த ரோசஸ்' என்ற அமெரிக்கப் படம் அது. வொரன் அட்லர் 1981 இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. இயக்கியவர் டெனி டிவிட்டோ. கணவன் ஒலிவராக மைக்கேல் டக்ளஸ், மனைவி பார்பராவாக கத்லீன் டர்னர். குடும்பப் பெயர் ரோஸ். பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளை ரோஜாவையும் சிவப்பு ரோஜாவையும் சின்னமாகக் கொண்ட இரண்டு அரச கிளைகள் முடிக்காக ஆண்டுக்கணக்கில் மோதின. அந்தப் போருக்கு ரோஜாப் போர்கள் என்று பெயர். ஒரு வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு அந்தப் பெயரை வைத்ததிலேயே படத்தின் வழி தெரிந்துவிடுகிறது. சின்ன விடயத்துக்குப் பெரிய போர்.

இருவரும் முதன்முதலில் சந்திப்பது ஒரு ஏலத்தில். ஒரு சிறிய சிலைக்காக ஒருவருக்கெதிராக ஒருவர் விலையை ஏற்றுகிறார்கள். அன்று அது காதலாகிறது. திருமணம், இரண்டு பிள்ளைகள், ஒலிவருக்கு வழக்கறிஞர் தொழிலில் உயர்வு, பெரிய வீடு. அந்த வீட்டைச் சாமான் சாமானாகத் தேடி அலங்கரிப்பவர் பார்பரா. வீடு நிறைந்து முடிந்ததும் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒருநாள் ஒலிவருக்கு மாரடைப்பு என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். பார்பரா போய்ப் பார்க்கவில்லை. அவன் இறந்திருந்தால் என்று எண்ணியபோது தன் மனதில் துயரத்துக்குப் பதிலாக ஒரு விடுதலை உணர்வு வந்ததாக அவர் பிறகு அவனிடமே சொல்கிறார். அங்கிருந்து விவாகரத்துப் பேச்சு. அவருக்கு அவனுடைய பணம் வேண்டாம். வீடு மட்டும் போதும். அவனுக்கும் வீடு வேண்டும்.

சட்டத்தில் ஒரு சந்து கிடைக்கிறது. வழக்கு முடியும்வரை இருவரும் அதே வீட்டில் இருக்கலாம். வீட்டின் வரைபடத்தை எடுத்து, இது உன் பகுதி, இது என் பகுதி, இது பொது என்று நிறம் தீட்டிப் பிரிக்கிறார்கள். முதன்முறை அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டேன். அத்தனை அறைகள் கொண்ட மாளிகையில் அவர்கள் செய்ததை, எங்கள் தொங்கல் காம்பராவில் தாத்தாவும் பாட்டியும் நடுவே சுவரில்லாத ஓர் அடுப்படிக்குள் செய்து முடித்திருந்தார்கள்.

பிறகு சண்டை ஏறுகிறது. ஒலிவரின் கார் தற்செயலாகப் பார்பராவின் பூனை மீது ஏறிவிடுகிறது. அவர் அவனை நீராவிக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டுகிறார். அவர் கொடுக்கும் விருந்தில், சமைத்துவைத்த மீனை அவன் எல்லோருக்கும் முன்னால் நாசமாக்குகிறான். அவனுடைய அருமைக் காரை அவர் நசுக்குகிறார். ஓரிடத்தில் சமாதானம் பேசுவதுபோல் உட்கார்ந்து ஈரலில் செய்த பண்டமொன்றைப் பரிமாறுகிறார். அவன் ருசித்துச் சாப்பிட்ட பிறகு, அது அவனுடைய நாய் என்று விளங்கவைக்கிறார். நாய் வெளியே உயிரோடு நிற்பதைப் படம் நமக்கு ஒரு கணம் காட்டிவிடுகிறது. அவனுக்குக் காட்டவில்லை. இந்த இடத்தை ஆரம்ப மாணவர்கள் கூர்ந்து பார்க்கவேண்டும். நாய் பிழைத்திருப்பது தெரிந்ததால் நம்மால் மூச்சுவிட முடிகிறது. மூச்சுவிட முடிந்ததால் சிரிக்க முடிகிறது. அந்த ஒரு கணத்தை வெட்டியிருந்தால், அதற்குப் பிறகு பலர் படத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். எவ்வளவு இருட்டு, எங்கே ஒரு கீற்று வெளிச்சம் என்ற அளவு தெரிந்தவர்தான் இந்த வகையில் வெல்ல முடியும்.

கடைசியில் இருவரும் வீட்டுக் கூடத்தின் பெரிய சரவிளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அவன் தலையில் விழுத்துவதற்காகப் பார்பரா ஏற்கெனவே தளர்த்திவைத்திருந்த விளக்கு அது. விளக்கு அறுந்து விழுகிறது. உடைந்த கண்ணாடிக்கு நடுவே சாகக் கிடக்கும்போது ஒலிவர் கையை நீட்டி அவர் மீது வைக்கிறான். பார்பரா அந்தக் கையைத் தள்ளிவிடுகிறார். அதோடு இருவர் கதையும் முடிகிறது.

தொங்கல் காம்பராவின் கதையை நான் பாதியில் விட்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா காலமானார். காரியம் முடிந்த மறுநாள் விடியலில் பாட்டி அடுப்பு மூட்டினார். தன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வலதுபக்க அடுப்பிலும் மிலாறு அடுக்கிப் பற்றவைத்தார். தண்ணீர்க் குடத்தோடு பீலிக்கரையிலிருந்து (தண்ணீர் பிடிக்கும் இடத்திலிருந்து) வந்த ஒரு அக்கா வாசலில் நின்று பார்த்து, பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். அடுத்த கணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டி எதையும் கவனிக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து, என்னைக் கூப்பிடாமல், தாத்தாவின் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்த அக்காவின் சிரிப்பும் பொத்திய கையும் ஒரே முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். அவல நகைச்சுவைக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இப்போது ஒரு முக்கியமான வேறுபாடு. வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவர் எழுந்து தூசு தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று தெரிந்து நாம் சிரிப்பது சாதாரண நகைச்சுவை. அவல நகைச்சுவையில் விழுந்தவர் எழுந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்னொன்று, இங்கே பாத்திரங்கள் தங்களை வேடிக்கையானவர்களாக நினைப்பதே இல்லை. ஒலிவருக்கும் பார்பராவுக்கும் அது வாழ்வா சாவா என்ற போராட்டம். நடிகர் கண்ணடித்துச் சிரிப்பு மூட்டினால் அந்தக் கணமே காட்சி செத்துவிடும்.

மலையகத்தில் இதைப் பேசும்போது ஒரு விடயத்தைத் தவிர்த்துவிட்டுப் போக என்னால் முடியாது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவனை வேடிக்கையாகக் காட்டும் காட்சிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். திருவிழா மேடை நாடகங்களில்கூட அது வரும், கூட்டம் சிரிக்கும். அதையும் அவல நகைச்சுவை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. அங்கே அடிபட்டவளின் வலியை மறைத்துவிட்டுத்தான் சிரிப்பு வாங்கப்படுகிறது. அவல நகைச்சுவை வலியை மறைப்பதில்லை. வலி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, வந்து உலை வைக்கும் ஒரு பெண் அதன்பிறகு அடியும் வாங்குகிறாள் என்றால் அதில் சிரிக்க எதுவும் இல்லை. ரோஸ் தம்பதியின் சண்டையைப் பார்த்து நம்மால் சிரிக்க முடிவதற்குக் காரணம், இருவரும் சம பலத்தோடு நிற்கிறார்கள். அவன் ஒன்று செய்தால் அவர் இரண்டு செய்கிறார். ஒருபக்கம் மட்டும் அடி வாங்கும் படமாக அது இருந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றிருக்கும். யார் பலவீனரோ அவர் மீது சிரிப்பு விழுகிறதா என்பதை எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு இது புதிதா என்று கேட்பவர்களுக்கு ஔவையாரின் தனிப்பாடல்கள் இரண்டை எடுத்துக் காட்டுவேன். ஔவையை விருந்துக்கு அழைத்துவந்த ஒருவன், மனைவியிடம் அதைச் சொல்லப் பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் தடவி, தலையில் ஈரும் பேனும் எடுத்துவிட்டு, மெல்லச் சொல்கிறான். அவள் ஆடுகிறாள், பாடுகிறாள், பழைய முறத்தை எடுத்து அவன் ஓட ஓட அடிக்கிறாள். முதல் பாடல் இந்த ஓட்டத்தோடு முடிகிறது, வாசிக்கிறவர் சிரித்துவிடுவார். அடுத்த பாடலில் அதே வீட்டில் சோறு பரிமாறப்படுகிறது. பார்க்கக் கண் கூசுகிறது, எடுக்கக் கை நாணுகிறது, வாய் திறக்க மறுக்கிறது, அன்பில்லாதவள் இட்ட அமுதில் என் எலும்பெல்லாம் பற்றி எரிகிறது என்கிறார் ஔவை. முறத்தடியில் சிரித்த வாய் இந்தப் பாடலில் மூடிக்கொள்கிறது. அந்த மனிதன் தினமும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறான் என்பது நமக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மலையகத்துப் பார்வையாளர்கள் இதற்குப் பழகியவர்கள் என்பதும் என் எண்ணம். மாசி மாதத்துக் காமன் கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி போகவேண்டாம் என்று தடுத்துத் தர்க்கம் செய்வாள். புருஷன் பெண்சாதி சண்டை போலவே கூட்டம் அதை ரசிக்கும். இடையிடையே வேடம் கட்டி வருகிறவர்கள் சிரிக்கவைப்பார்கள். அவன் எரியப்போகிறான் என்பது அங்கே நிற்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரிப்பது. பிறகு தப்பு மேளத்தின் ஓசை மாறும். ரதியின் புலம்பலுக்குப் பெண்கள் கண் துடைப்பார்கள். மரண வீட்டில் இரவு முழுக்க விழித்திருக்க கரம் போர்ட் விளையாடி, இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கும் வழக்கமும் நமக்கு இருக்கிறதே.

சரி, திருமணச் சண்டைப் படங்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி நகரத்தை ஒட்டிய அழகான வீடுகளில் நடக்கின்றன? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் புறநகர்கள் பெருகின. 1947 இல் நியூயோர்க்கை அடுத்துக் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் அதற்குப் பேர்போன உதாரணம்: ஒரே மாதிரியான வீடுகள், முன்னால் புல்தரை, குடும்பத்துக்கு ஒன்று. அப்படியொரு வீடு இருப்பதே குடும்பம் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி என்றானது. அத்தாட்சி அவ்வளவு பளிச்சென்று இருக்கும்போது உள்ளே நடக்கும் சீரழிவை யாரிடம் போய்ச் சொல்வது? புல்லை வெட்டி, சுவருக்கு வர்ணம் அடித்து, கதவை மூடிக்கொள்ளவேண்டியதுதான். வெளிச்சுவரின் அழகுக்கும் உள்ளே நடப்பதற்கும் இருக்கிற இடைவெளியில்தான் இந்தப் படங்களின் சிரிப்பு விளைகிறது.

லயத்தில் அந்த இடைவெளி கிடையாது. கூரைக்கும் சுவருக்கும் இடையே குரல் போகும். ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒரு பெரியம்மா கரண்டியோடு வந்து நடுவில் நிற்பார். அந்தரங்கம் இல்லாதது பெரிய கொடுமை, அதை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் இப்போது ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் தனி வீடுகள் வந்திருக்கின்றன. அவை நமது உரிமை. இரண்டு நூற்றாண்டு உழைப்புக்கு மிகத் தாமதமாகக் கிடைக்கத் தொடங்கியவை. இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் சன்னலைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது. நமது எழுத்தாளர்களுக்கு அங்கே ஒரு புதிய கதைக்களம் காத்திருப்பதாக நினைக்கிறேன்: முதன்முறையாகப் பார்வையாளர் இல்லாமல் சண்டை போடப் பழகும் ஒரு கணவனும் மனைவியும்.

படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முழுக்கதையையும் ஒரு வழக்கறிஞர்தான் தன்னிடம் விவாகரத்துக் கேட்டு வந்தவருக்குச் சொல்கிறார். அந்த வேடத்தில் நடித்திருப்பவர் இயக்குநர் டிவிட்டோவே. சொல்லிமுடித்ததும், வீட்டுக்குப் போய் மனைவியிடம் முன்பு எதை விரும்பினாய் என்று தேடிப் பார் என்கிறார். வந்தவர் எழுந்து போகிறார். வழக்கறிஞர் தொலைபேசியை எடுத்துத் தன் மனைவிக்கு, நான் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்கிறார். இருட்டுக்கு வெளியே நம்மைக் கைபிடித்துக் கொண்டுபோய்விடும் ஏற்பாடு அது. 2025 இல் அதே நாவலைத் தழுவி 'தி ரோசஸ்' என்ற படமும் வந்தது. முதலில் பழையதைப் பார்ப்பது நல்லது.

போன வருடம் என் அத்தையின் புது வீட்டில் இந்தப் படத்தைப் போட்டோம். நான் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன். வீட்டை நிறம் தீட்டிப் பிரிக்கும் காட்சியில் அத்தை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்தியது. கடைசிக் காட்சியில், "ஐயோ, சாகிற நேரத்தில் கையைத் தள்ளிவிட்டாளே" என்றார். மாமா, "தள்ளாமல் என்ன செய்வாள்? அத்தனையும் செய்துவிட்டு இப்போது கை வைத்தால் ஆயிற்றா?" என்றார். "நீங்கள் என்றால் என்ன செய்வீர்களாம்?" என்று அத்தை திரும்பினார். மாமா உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். கை சரியாக எப்போது அசைகிறது என்பதில் இருவருக்கும் மறுபடி கருத்து வேறுபட்டது. சோறு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.